முதன்முறை அடகுக்கடைக்குப் போகிறீர்களா? திருப்பும் நாளிலிருந்து கணக்குப் போடுங்கள்

அடகுக்கடையில் உங்கள் சம்பளம் என்ன, ஏற்கெனவே எத்தனை கடன் என்று பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கத் தேவையும் இல்லை. நீங்கள் பணத்தைக் கட்டாவிட்டாலும் பொருள் கடைக்காரர் கையில் இருக்கிறது. அதை விற்று அசலையும் வட்டியையும் எடுத்துக்கொள்வார். அரை மணி நேரத்தில் பணம் கைக்கு வருவது இதனால்தான். பொருளின் முழு மதிப்புக்கும் கடன் தராமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: விற்கும் அன்று விலை இறங்கியிருந்தாலும் அவர் கை கடிக்கக் கூடாது.

அடகு வைத்த பொருள் இன்னமும் உங்களுடையதுதான். அவரிடம் ஈடாக இருக்கிறது, அவ்வளவே. கெடுவுக்குள் அசலும் வட்டியும் கட்டினால் திருப்பிக்கொள்ளலாம். கட்டத் தவறினால் பொருள் ‘மூழ்கிவிட்டது’ என்பார்கள். அதன்பிறகு ஏலமோ நேரடி விற்பனையோ நடக்கும்.

முதன்முறை போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, ‘இதுக்கு எவ்வளவு கொடுப்பீங்க?’ என்பது. அதற்கு முன்னால் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்த மாதம், எந்தப் பணத்தை வைத்துத் திருப்பப் போகிறேன்? வர வேண்டிய பாக்கி, முதிர்வாகப் போகும் சேமிப்பு, அறுவடை, போனஸ் என்று ஒரே வரியில் பதில் சொல்ல முடிந்தால் அடகு நல்ல வழி. ‘எப்படியாவது கட்டிடலாம்’ என்பதுதான் பதில் என்றால் விற்றுவிடுவதே மேல். கணக்கைப் பாருங்கள். 100 பெறுமானமுள்ள பொருளுக்கு 70 கடன் வாங்குகிறீர்கள். மாதம் நூற்றுக்கு 2 வட்டி. ஒரு வருடம் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே வந்து, கடைசியில் திருப்ப முடியாமல் விட்டுவிடுகிறீர்கள். 12 மாத வட்டி 16.80. ஆக, உங்கள் கையில் நின்றது 53.20 மட்டும். முதல் நாளே விற்றிருந்தால் சில்லறைக் கழிவு போக நூறை ஒட்டி வந்திருக்கும். ஏலத்தில் மிஞ்சிய தொகையை உரியவரிடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கும் இடங்களில் கொஞ்சம் திரும்பி வரலாம். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

எங்கே, எதை

தனியார் அடகுக்கடை, வங்கி, கூட்டுறவுச் சங்கம், நகைக்கடன் நிறுவனம் என்று இந்தத் தொழில் பல உருவங்களில் நடக்கிறது. வேகமும் வட்டியும் பெரும்பாலும் ஒன்றாகவே ஏறும். பத்து நிமிடத்தில் பணம் தருகிற இடத்தில் வட்டி கூடுதலாகவும், படிவமும் வரிசையுமாக அரை நாளைத் தின்கிற இடத்தில் குறைவாகவும் இருக்கும். ஏழைகளுக்குக் குறைந்த வட்டியில் அடகுக் கடன் தர வேண்டும் என்ற எண்ணம் பழையது. இத்தாலியின் பெருஜியாவில் 1462இல் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியில் அப்படியொரு பொது அடகு நிலையம் தொடங்கியது. பாரிஸில் 1777இலிருந்து நடக்கும் பொது அடகு நிலையத்துக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த செல்லப்பெயர் ‘என் அத்தை’. கைக்கடிகாரம் எங்கே என்று யாராவது கேட்டால் ‘அத்தை வீட்டில் இருக்கிறது’ என்று சொல்லிச் சமாளிப்பார்களாம். அடகு வைக்கக் கூச்சப்படுவது எந்த ஊரிலும் புதிதில்லை. கூச்சத்தில் முதல் கடையிலேயே முடித்துக்கொண்டு ஓடி வருவதுதான் நட்டம். குறைந்தது இரண்டு இடத்திலாவது கேளுங்கள். உரிமம் சுவரில் மாட்டியிருக்கிறதா, வட்டி விகிதம் பார்வையில் படும்படி எழுதியிருக்கிறதா, தராசில் சரிபார்ப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

பொருள்களில் தங்கத்துக்குத்தான் முதல் மரியாதை. கெடாது, உருக்கி விற்கலாம், விலை தினமும் தெரியும். வெள்ளிக்கும் இதே கணக்குத்தான், ஆனால் எடைக்கு மதிப்பு மிகவும் குறைவு. கைக்கடிகாரம், கேமரா, இசைக்கருவி, மடிக்கணினி, கைபேசி ஆகியவற்றை எல்லாக் கடைகளும் எடுப்பதில்லை. எடுக்கும் கடைகளும் புது விலையைக் கணக்கில் கொள்ளாமல், மூன்று மாதம் கழித்து இரண்டாம் கைக்கு என்ன போகும் என்று பார்த்துத்தான் கொடுக்கும். சார்ஜர், பெட்டி, ரசீது கூடவே இருந்தால் தொகை ஏறும். கைபேசியைக் கொடுப்பதற்கு முன் தரவுகளை நகல் எடுத்துவிட்டு, கணக்குகளிலிருந்து வெளியேறி, சிம்மைக் கழற்றி, உள்ளே உள்ளதை முழுதாக அழித்துவிடுங்கள். உரிமையாளர் பூட்டு போட்டிருக்கும் கைபேசியை வேறு யாராலும் பயன்படுத்த முடியாது என்பதால் கடைக்காரர் தொடக்கூட மாட்டார்.

கிளம்புவதற்கு முன்

நகையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய வையுங்கள். சங்கிலிக் கண்ணிகளில் அழுக்கு அடைத்திருந்தால் மதிப்பிடுகிறவர் உத்தேசமாக அழுக்குக்கும் கொஞ்சம் கழிப்பார், அந்த உத்தேசம் உங்கள் பக்கம் சாயாது. பிறகு எடை. சமையலறைத் தராசு பெரும்பாலும் 1 கிராம் கணக்கில்தான் காட்டும், இதற்கு உதவாது. 0.01 கிராம் வரை காட்டும் சின்ன நகைத் தராசு வேண்டும். தராசின் மேல் நகை இருக்க, எண் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். கொக்கி, தர முத்திரை, கீறல், கல் பதித்த இடம் ஒவ்வொன்றையும் கிட்டத்தில் தனித்தனியாக ஒரு படம். இந்தப் படங்கள் இன்றைக்கு வேண்டியிருக்காது, திருப்பும் நாளில்தான் வேண்டியிருக்கும்.

எடுத்துப்போக வேண்டியவை: அடையாளச் சான்று, முகவரிச் சான்று, இருந்தால் வாங்கிய ரசீது. சான்று கேட்பதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருட்டுப் பொருள் கைமாறும் இடமாக அடகுக்கடை ஆகிவிடக் கூடாது என்பதற்காக, பெரும்பாலான நாடுகளில் யார், என்ன, எப்போது வைத்தார் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ஒரு சான்றும் கேட்காத கடையைக் கண்டுதான் சந்தேகப்பட வேண்டும். அடுத்தவர் நகையை உங்கள் பெயரில் வைக்காதீர்கள். அவசரத்துக்கு உறவில் இதை நிறையச் செய்கிறார்கள். அடகுச் சீட்டு யார் பெயரில் இருக்கிறதோ, பெரும்பாலும் அவர்தான் திருப்ப வர வேண்டும், பின்னால் வரும் மனக்கசப்பும் அங்கேதான் தொடங்கும்.

உரைகல்லில் என்ன நடக்கிறது

கடைக்காரர் கருப்பான, வழவழப்பான ஒரு கல்லை எடுப்பார். நகையின் வெளியே தெரியாத ஓரத்தை அதில் அழுத்தித் தேய்ப்பார். விரல் நகத்தின் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு விழும். பக்கத்தில், மாற்று (தங்கத்தின் தரம்) தெரிந்த தங்க ஊசியால் இன்னொரு கோடு. இரண்டின் நிறத்தையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பிறகு இரண்டு கோட்டின் குறுக்கேயும் அமிலச் சொட்டு ஒன்றை இழுப்பார். பித்தளையாக இருந்தால் பச்சையாகி மறைந்துவிடும். தங்கம் குறைவான கலவையாக இருந்தால் கோடு மங்கும். தரமானது அப்படியே நிற்கும். இதில் நகையிலிருந்து போவது கண்ணுக்குத் தெரியாத அளவு தூள்தான், எடை குறைந்துவிடுமோ என்று பதற வேண்டியதில்லை.

உரைகல் சொல்வது மேல்பரப்பைப் பற்றி மட்டும். தடித்த முலாம் பூசிய நகை கல்லையும் ஏமாற்றும். எக்ஸ் கதிரால் உலோகத்தைப் படிக்கும் இயந்திரமும் சில பத்து மைக்ரான் ஆழத்துக்குக் கீழே போகாது. எனவே ஐயம் வந்தால் அரத்தால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு உள்ளே பார்ப்பார்கள். அதை உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது. ‘எங்கே அராவப் போறீங்க?’ என்று கேட்டு, உட்புறத்தையோ கொக்கிக்கு அடியையோ நீங்களே காட்டுங்கள்.

நகைக்குச் சேதமில்லாத சோதனை, தண்ணீரில் எடை போடுவது. சுத்தத் தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். 22 காரட் சுமார் 17.7. பித்தளை சுமார் 8.5. ஆகவே 20 கிராம் 22 காரட் சங்கிலியை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால் எடை ஏறக்குறைய 1.13 கிராம் குறைந்து தெரியும். பித்தளையென்றால் 2.35 கிராம் குறையும். கல்லோ அரக்கோ உள்ள நகைக்கும், உள்ளே காற்றடைத்த பொள்ளல் வளையலுக்கும் இந்தக் கணக்கு ஒத்துவராது.

முத்திரை 916 (22 காரட், அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம்) என்றிருந்தும் கடைக்காரர் 90 மாற்று என்று சொன்னால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். பற்றவைத்த இடங்களில் இளகுவதற்காகத் தரம் குறைந்த கலவையைச் சேர்ப்பதுண்டு. கண்ணி நெருக்கமான சங்கிலியில் பற்று அதிகம். கொக்கிக்குப் பக்கத்தில் உரைத்திருந்தால், வேறொரு இடத்தில் மறுபடி உரைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எடையிலிருந்து தொகை வரை

தராசு உங்கள் பக்கமும் எண் தெரியும்படி இருக்க வேண்டும். தட்டு வெறுமையாக இருக்கும்போது 0.00 நிற்கிறதா பாருங்கள். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். நிறுத்தச் சொல்வதில் தவறில்லை. ஒரே நகையை இரண்டு தடவை வைத்துப் பார்க்கச் சொல்வதிலும் தவறில்லை.

இப்போது ஒரு உதாரணம். மொத்த எடை 24 கிராம். கல்லுக்கு 1.8, உள்ளே அரக்குக்கு 1.2 கழித்தார்கள். நிகர எடை 21 கிராம். 22 காரட் என்றால் 91.6 சதவீதம் தங்கம், அதாவது 19.24 கிராம் சுத்தத் தங்கம். கடை 70 சதவீதம் கடன் தருகிறது என்றால் 13.47 கிராம் சுத்தத் தங்கத்தின் அன்றைய விலை உங்கள் கைக்கு வரும். அதே 21 கிராம் 18 காரட் நகை என்றால் சுத்தத் தங்கம் 15.75, கடன் 11.03 கிராமுக்கு. செய்கூலி, சேதாரம், வரி என்று வாங்கும்போது கொடுத்தது எதுவும் இங்கே செல்லாது. கல்லுக்கும் பெரும்பாலும் மதிப்பில்லை, கழிவு மட்டும்தான். வாங்கிய விலையை மனதில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ‘ஏமாத்துறான்’ என்று எழுந்து வந்துவிடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பேரம் பேசுவதென்றால் எங்கே பேச வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அன்றைய தங்க விலை பேரத்துக்கு உட்பட்டதில்லை. கல் எடைக் கழிவு, மாற்று, கடன் சதவீதம், வட்டி ஆகிய நான்கிலும் பேசலாம். கல் எடையைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்து உத்தேசமாகத்தான் போடுவார்கள். வாங்கிய ரசீதில் கல் எடை தனியாக எழுதியிருந்தால் அங்கே காட்டுங்கள், பேச்சே முடிந்துவிடும்.

எவ்வளவு தருகிறார்களோ அவ்வளவையும் வாங்காதீர்கள். தேவை 10,000 என்றால் 10,000 மட்டும். அதைவிட முக்கியமான ஒன்று: பல நகைகளை வைப்பதாக இருந்தால் தனித்தனிச் சீட்டாகப் போடச் சொல்லுங்கள். நான்கு வளையலும் ஒரு சங்கிலியும் ஒரே சீட்டில் போனால், மொத்தத் தொகையையும் கட்டாமல் ஒரு வளையல்கூடத் திரும்பி வராது. தனிச் சீட்டென்றால் பணம் வர வர ஒவ்வொன்றாகத் திருப்பலாம், கெட்ட காலம் வந்தால் ஒன்று மட்டும் மூழ்கும். எழுதும் வேலை கூடுவதால் கடைக்காரர் சலித்துக்கொள்வார். சீட்டுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்தால் மட்டும் அதையும் சேர்த்து யோசியுங்கள்.

வட்டியில் ஒளிந்திருப்பவை

‘ரெண்டு வட்டி’ என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு 2. வருடத்துக்கு 24. வங்கி சொல்வது வருடக் கணக்கு, அடகுக்கடை சொல்வது மாதக் கணக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘வங்கியில் 10, இங்கே வெறும் 2’ என்று மகிழ்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மாதம் முடிந்து மூன்று நாள் ஆனால் மூன்று நாள் வட்டியா, முழு மாத வட்டியா? இதைக் கேட்டே ஆக வேண்டும். சில இடங்களில் ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதம்தான். அப்படியென்றால் திருப்பும் தேதியை மாதம் முடிவதற்கு முந்தின நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

முன்வட்டி எடுக்கும் பழக்கமும் உண்டு. 10,000 கடனுக்கு மூன்று மாத வட்டி 600ஐ முதலிலேயே பிடித்துக்கொண்டு 9,400 கொடுப்பார்கள். நீங்கள் வாங்கியது 9,400, வட்டி கட்டுவது 10,000க்கு. உண்மையான வட்டி மாதம் 2.13. இதோடு மதிப்பீட்டுக் கட்டணம், பாதுகாப்புக் கட்டணம், சீட்டுக் கட்டணம் சேர்ந்தால் இன்னும் ஏறும். கடையை ஒப்பிட எளிய வழி, ஒவ்வொரு கடையிலும் ஒரே கேள்வியைக் கேட்பதுதான்: ‘இன்னைக்குக் கையில எவ்வளவு கிடைக்கும், ஆறு மாசம் கழிச்சுத் திருப்ப மொத்தம் எவ்வளவு கட்டணும்?’ இரண்டு எண்ணையும் காகிதத்தில் எழுதி வாங்குங்கள்.

ஆறு மாதம் முடிந்து திருப்ப முடியவில்லை என்றால் சீட்டை மாற்றி எழுதுவார்கள். அப்போது வட்டியைக் கையிலிருந்து கட்டிவிட்டால் கடன் 10,000ஆகவே நிற்கும். கட்டாமல் அசலோடு சேர்த்து எழுதினால் 11,200 ஆகும். அடுத்த ஆறு மாத வட்டி 1,344, கடன் 12,544. இப்படி இரண்டு மூன்று முறை போனால் கடன் நகையின் மதிப்பை எட்டிப் பிடித்துவிடும். பெரும்பாலான நகைகள் மூழ்குவது இப்படித்தான்.

இடையில் கொஞ்சம் பணம் கிடைத்தால் கட்டிவிடுங்கள். நான்கு மாதம் கழித்து 3,000 கட்டினால் முதலில் 800 வட்டிக்குப் போகும், மீதி 2,200 அசலில் கழியும். மீதிக் கடன் 7,800, அடுத்த மாதத்திலிருந்து வட்டி 156தான். அசலில் வரவு வைத்ததைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ‘கணக்குல இருக்கு, பார்த்துக்கலாம்’ என்ற பதில் போதாது.

சீட்டு

பணத்தை எண்ணுவதற்கு முன்னால் சீட்டைப் படியுங்கள். பெயர், தேதி, நகையின் விவரம், மொத்த எடை, நிகர எடை, மாற்று, மதிப்பு, கடன், வட்டி விகிதம், கடைசித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். பலர் கடன் தொகையை மட்டும் பார்ப்பார்கள். உங்களுக்குப் பாதுகாப்பு நகை விவரத்தில்தான் இருக்கிறது. ‘மஞ்சள் உலோகச் சங்கிலி 1’ என்று எழுதியிருந்தால், நாளைக்கு வேறு சங்கிலி வந்தாலும் உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது. ‘22 காரட் தங்கச் சங்கிலி, எஸ் கொக்கி, 916 முத்திரை, மொத்தம் 24.00, நிகரம் 21.00’ என்று இருக்க வேண்டும். நகையை உங்கள் கண் முன்னே உறையில் போட்டு ஒட்டச் சொல்லி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போடுங்கள்.

கெடு தாண்டினால் சலுகை நாள் உண்டா, ஏலத்துக்கு முன் தபாலில் அறிவிப்பு வருமா, விற்று மிஞ்சினால் யாருக்கு, குறைந்தால் மீதியை உங்களிடம் கேட்பார்களா? இந்த நான்கும் நாட்டுக்கு நாடு, கடைக்குக் கடை மாறும். பல இடங்களில் பொருள் போனால் கடனும் போயிற்று, சில இடங்களில் குறைவதைத் தேடி வருவார்கள். சீட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். புரியாவிட்டால் அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வீடு மாறினால் புது முகவரியைக் கடையில் சொல்லிவிட வேண்டும். அறிவிப்பு பழைய வீட்டுக்குப் போய், நகை ஏலத்தில் போன பிறகு தெரியவருவது அடிக்கடி நடப்பது.

சீட்டின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகக் கைபேசியில் நினைவூட்டல் போடுங்கள். சீட்டு தொலைந்தால் அன்றைக்கே கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள், ஏனென்றால் சில இடங்களில் சீட்டைக் கொண்டுவருபவரிடம் பொருளைக் கொடுத்துவிடுவார்கள்.

திருப்பும் நாள்

ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் நகை கடையிலேயே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வேறு பெட்டகத்தில் இருக்கலாம், சில கடைக்காரர்கள் அதை வங்கியில் மறு அடகு வைத்திருப்பதும் உண்டு. கடைசித் தேதியன்று மாலை பணத்தோடு போய், ‘பெட்டகச் சாவி இல்லை, நாளைக்கு வாங்க’ என்ற பதிலோடு திரும்பினால் கெடு தாண்டியது உங்கள் தலையில் விழும். அப்படி நேர்ந்தால் பணத்தோடு வந்ததை அன்றைய தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைக் கொடுத்ததும் உறையில் உங்கள் கையெழுத்து கலையாமல் இருக்கிறதா பார்த்துப் பிரியுங்கள். அங்கேயே எடை போட்டு மொத்த எடையை ஒப்பிடுங்கள். 0.01, 0.02 வித்தியாசம் தராசுக்கும் தராசுக்கும் வரும். 0.1க்கு மேல் குறைந்தால் மேசையை விட்டு எழ வேண்டாம். கொக்கி அதேதானா, கல் எல்லாம் இருக்கிறதா, முத்திரை அதே இடத்தில் இருக்கிறதா என்று வீட்டில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். கடையை விட்டு இறங்கிய பிறகு சொல்லும் குறைக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கணக்குத் தீர்ந்தது என்று எழுதிய ரசீதையும் மறக்காமல் வாங்குங்கள். அடையாளச் சான்றின் நகலைக் கடனுக்காகக் கொடுத்திருப்பீர்கள், அதன் மேல் என்ன தேவைக்காகக் கொடுத்தது என்று ஆரம்பத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதைப் பற்றிக் கவலையில்லை.